ஓராண்டுப் பணி ஆணையும் பதினைந்தாண்டு நோயும்: ஸ்ரீபெரும்புதூர்–ஒரகடம் தொழிற்பட்டையும் அரசு ஆய்வாளர் ஊதியமும்

1. கேள்வி

ஒரகடம் சிப்காட்டில் மத்திய அரசின் வாகன ஆராய்ச்சி மையம் ஒன்று இயங்குகிறது. 2005இல் ஒப்புதல் பெற்ற தேசிய வாகனச் சோதனை, ஆராய்ச்சி உள்கட்டமைப்புத் திட்டத்தின்கீழ் அது கட்டப்பட்டது. நாட்டின் பல ஊர்களில் மையங்களை எழுப்பிய அந்தத் திட்டத்தின் மொத்த மதிப்பீடு 2016இல் 3,727 கோடி ரூபாயாகத் திருத்தப்பட்டது. வண்டி மோதினால் உள்ளே இருப்பவருக்கு என்ன ஆகும் என்று பார்க்கும் சோதனைக்கூடம், மின்காந்தக் குறுக்கீட்டை அளக்கும் கூடம், ஓடுதளங்கள் என்று ஒரகடத்தில் வசதிகளுக்குக் குறைவில்லை. இவையெல்லாம் தேவையானவை. ஆனால் அந்த வண்டிகளைச் செய்பவர்களின் காதும் நுரையீரலும் தோலும் முதுகும் பத்துப் பதினைந்து ஆண்டு வேலைக்குப் பிறகு எப்படி இருக்கின்றன என்று தொடர்ந்து பார்ப்பதற்கான அரசு ஆய்வு நிறுவனம் எதுவும் இந்தப் பட்டையில் அமைக்கப்படவில்லை. தொழில்சார் நலத்துக்கான மத்திய ஆய்வு நிறுவனம் 1966இல் தொடங்கப்பட்டு அகமதாபாத்தில் இருக்கிறது. அதன் தென்மண்டல மையம் பெங்களூருவில்.

இந்தக் குறைக்கு வழக்கமாக ஒரு காரணம் சொல்லப்படும். அரசு தரும் சம்பளத்துக்கு எந்த டாக்டர் ஆராய்ச்சிக்கு வருவார் என்பதே அது. மருத்துவக் கல்லூரிகளில் முதுநிலை மாணவர்களிடம் கேட்டாலும், ஆய்வு நிறுவனங்களில் நேர்காணல் நடத்துபவர்களிடம் கேட்டாலும் ஏறக்குறைய இதே பதில் வரும். அதில் எவ்வளவு உண்மை, எது விடுபட்டுப்போகிறது என்பதை இக்கட்டுரை பார்க்கிறது. நிரந்தரப் பணியில் இருக்கும் ஆய்வாளரின் மாதச் சம்பளம் சிக்கலின் சிறு பகுதியே என்பது என் வாதம். பெரும்பகுதி, நிரந்தரமாகச் சேர்க்கப்படாதவர்களின் தொகுப்பூதியத்திலும் அவர்கள் கையில் இருக்கும் பணி ஆணையின் ஆயுளிலும் இருக்கிறது.

2. ஆய்வுக்கு இங்கே என்ன இருக்கிறது

1998இல் இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாய் கார் உற்பத்தி தொடங்கியதிலிருந்து கணக்கிட்டால், இந்தப் பட்டைக்குக் கால் நூற்றாண்டுக்கு மேல் வயதாகிறது. கண்ணாடி, கைப்பேசி, தொலைக்காட்சி, டயர், லாரி, மோட்டார் சைக்கிள் என்று ஒன்றன்பின் ஒன்றாக ஆலைகள் வந்தன. 2010இல் ரெனோ-நிசான், 2012இல் டைம்லர், 2013இல் ராயல் என்ஃபீல்டு என ஒரகடம் பக்கம் நிரம்பியது. ஒவ்வொரு ஆலைக்குள்ளும் ஒவ்வொரு பிரிவுக்கும் உடலோடு தனிக் கணக்கு உண்டு. பிரஸ் ஷாப்பில் இரைச்சல். பாடி ஷாப்பில் வெல்டிங் புகை. பெயின்ட் ஷாப்பில் ஐசோசயனேட் கலந்த பூச்சுகள். டயர் ஆலையில் ரப்பர் வேதிப்பொருள்கள். மின்னணு அசெம்ப்ளி வரிசையில் கரைப்பான்களும் சால்டர் புகையும், ஒரே அசைவை ஒரு ஷிப்டில் ஆயிரக்கணக்கான முறை செய்யும் மணிக்கட்டும்.

இவற்றில் பல, சட்டம் அறியாதவை அல்ல. 1948ஆம் ஆண்டின் தொழிற்சாலைகள் சட்டத்தின் மூன்றாம் அட்டவணை, அறிவிக்கப்பட வேண்டிய நோய்களாக 29 நோய்களை அடுக்கியது. இரைச்சலால் வரும் செவித்திறன் இழப்பும் ஐசோசயனேட் நச்சும் அதில் இருந்தன. உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை 2017இல் கூட்டிய நிபுணர் குழு, வெல்டிங் புகையை மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கும் முதல் வகுப்புப் பொருள்களில் சேர்த்தது. ரப்பர் உற்பத்தித் தொழில் அதற்கு முன்பே அந்த வகுப்பில் இருக்கிறது.

ஆனால் இந்த நோய்களுக்கு அவசரம் இல்லை. செவித்திறன் இழப்பு ஆண்டுக்கணக்கில் ஊர்ந்து வரும். போன செவித்திறன் திரும்பாது. தொழில்சார் புற்றுநோய்க்கு இருபது ஆண்டுகூட ஆகலாம். 2021 டிசம்பரில் விடுதிச் சாப்பாட்டால் நூற்றுக்கு மேற்பட்ட பெண் தொழிலாளர்கள் மருத்துவமனைக்குப் போனபோது, ஃபாக்ஸ்கான் ஆலைத் தொழிலாளர்கள் சென்னை–பெங்களூரு நெடுஞ்சாலையில் உட்கார்ந்தார்கள்; நாடே திரும்பிப் பார்த்தது. மெதுவாக வரும் நோய்க்காக யாரும் சாலையில் உட்கார முடியாது. அது வெளிப்படும்போது அந்தத் தொழிலாளி ஆலையிலும் இருக்கமாட்டார், ஸ்ரீபெரும்புதூரிலும் இருக்கமாட்டார்.

நோக்கியா இதற்குத் தெளிவான சான்று. 2006இல் உற்பத்தி தொடங்கிய அந்த ஆலை 2014 நவம்பரில் நின்றது. அந்த எட்டு ஆண்டுகளில் அங்கே ஆயிரக்கணக்கான இளம்பெண்கள் வேலை செய்தார்கள். இன்று அவர்கள் முப்பதுகளிலும் நாற்பதுகளிலும் இருப்பார்கள். திருமணமாகிப் பல மாவட்டங்களுக்குப் போயிருப்பார்கள். 2006இலேயே அவர்களுடைய பெயர், வேலை செய்த பிரிவு, தொடக்கக்கால உடல்நிலை ஆகியவற்றைப் பதிவுசெய்து, இரண்டு மூன்று ஆண்டுகளுக்கு ஒருமுறை தேடிப்போய்ப் பார்த்திருந்தால் மின்னணு அசெம்ப்ளி வேலை பெண் உடலை என்ன செய்கிறது என்பதற்கு உலகத்துக்கே தமிழ்நாடு பதில் சொல்லியிருக்கும்.

2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்துள்ள பணிப் பாதுகாப்பு, உடல்நலச் சட்டத்தொகுப்பின்கீழ், 40 வயதைத் தாண்டிய தொழிலாளர்களுக்கு ஆண்டுதோறும் இலவச உடல் பரிசோதனை என்று மத்திய அரசு அறிவித்துள்ளது. நல்ல ஏற்பாடு. எனினும் இந்தப் பட்டையின் வரிசைகளில் நிற்பவர்களில் பெரும்பாலோர் இருபதுகளில் இருப்பவர்கள். ட்ரெய்னியாகவோ ஒப்பந்தத்திலோ சேர்ந்து சில ஆண்டுகளில் வெளியேறுபவர்கள். 40 வயதில் அவர்கள் எந்த ஆலையின் பட்டியலிலும் இல்லை. அவர்களைப் பின்தொடர வேண்டிய வேலை ஆலையுடையதாக இருக்கவும் முடியாது. அது பொது ஆய்வின் வேலை. அதற்கு ஆள் வேண்டும், ஆளுக்குச் சம்பளம் வேண்டும்.

3. சம்பளப் பட்டியல் என்ன சொல்கிறது

தமிழ்நாட்டில் இந்த வேலையை ஏற்கத் தகுதியுள்ள மத்திய நிறுவனம் அயப்பாக்கத்தில் இருக்கிறது. தேசிய நோய்ப்பரவல் ஆய்வு நிறுவனம், ஆவடியில் இருந்த தொழுநோய்க் களப்பிரிவையும் சென்னையில் இருந்த மருத்துவப் புள்ளியியல் நிறுவனத்தையும் இணைத்து 1999இல் உருவானது. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தைச் சேர்ந்தது. அங்கிருந்து ஸ்ரீபெரும்புதூர் ஒரே நாளில் போய் வேலை பார்த்துத் திரும்பும் தூரம்தான். ஆகவே அக்கழகத்தின் ஊதிய அமைப்பையே எடுத்துக்கொள்வோம்.

ஏழாவது ஊதியக் குழுவின்படி, 2016 ஜனவரி முதல் சயின்டிஸ்ட்-பி லெவல் 10இல் 56,100 ரூபாய் அடிப்படை ஊதியத்தில் தொடங்குகிறார். சி 67,700, டி 78,800, இ 1,23,100, எஃப் 1,31,100, ஜி 1,44,200. மருத்துவராக இருந்தால், தனியார் தொழில் செய்யாததற்காக அடிப்படை ஊதியத்தில் 20 விழுக்காடு கூடுதல், எல்லோரும் என்.பி.ஏ. என்றே சொல்லும் படி அது. ஆறாவது குழுக் காலத்தில் 25 விழுக்காடாக இருந்தது குறைக்கப்பட்டது. என்.பி.ஏ.வுக்கும் அகவிலைப்படி உண்டு.

2024 ஜனவரியில் அகவிலைப்படி 50 விழுக்காடானது. சென்னைக்கு வீட்டு வாடகைப்படி 30 விழுக்காடானது. அந்த விகிதத்தில் கணக்கிட்டால், போக்குவரத்துப்படி நீங்கலாக, புதிதாகச் சேரும் மருத்துவரல்லாத சயின்டிஸ்ட்-பி மாதம் 1,00,980 ரூபாயும், மருத்துவரான சயின்டிஸ்ட்-பி 1,17,810 ரூபாயும் பெறுவார்கள். பிடித்தங்களுக்கு முந்தைய தொகை இது.

இந்தத் தொகை சிறியதல்ல. தமிழ்நாடு அரசு உதவி மருத்துவரின் அடிப்படை ஊதியமும் 56,100இல்தான் தொடங்குகிறது. பதவி உயர்விலும் விஞ்ஞானிக்கு ஒரு வசதி உண்டு. மேலே இடம் காலியாக வேண்டும் என்று காத்திருக்கத் தேவையில்லை. வகித்த பதவியே உயர்த்தப்படும். 2010இல் திருத்தப்பட்ட விதிகளின்படி பி-யிலிருந்து சி-க்கு 3 ஆண்டு, அடுத்த இரண்டு படிகளுக்கு நான்கு நான்கு, பிறகு ஐந்து ஐந்து என, தகுதி மதிப்பீட்டில் தேறிக்கொண்டே போனால் 21 ஆண்டுகளில் ஜி வரை போகலாம். 2019 அக்டோபர் 25 முதல் நவம்பர் 1 வரை தமிழ்நாட்டு அரசு மருத்துவர்கள் நடத்திய வேலைநிறுத்தத்தின் மையக் கோரிக்கை, 2009ஆம் ஆண்டின் அரசாணை 354ஐ மறுஆய்வு செய்து, மத்திய அரசு மருத்துவர்களுக்கு இணையான காலவாரி ஊதிய உயர்வு தர வேண்டும் என்பது. சுகாதார நிலையத்தில் இரவும் பகலும் பார்க்கும் அந்த மருத்துவர் பார்வையில், ஆய்வு நிறுவனத்தின் நிரந்தரப் பணி ஏங்கத்தக்கதாகவே தெரியும்.

அப்படியானால் மருத்துவர்கள் ஏன் வரத் தயங்குகிறார்கள்? இரண்டு ஒப்பீடுகள் விளக்குகின்றன. ஒன்று, தமிழ்நாடு அரசு மருத்துவருக்கு என்.பி.ஏ. கிடையாது, ஆனால் பணி நேரத்துக்கு வெளியே சொந்தமாக கிளினிக் நடத்தலாம். வாலாஜாபாத்திலோ சுங்குவார்சத்திரத்திலோ மாலையில் உட்காரும் மருத்துவருக்கு 16,830 ரூபாய் (என்.பி.ஏ.வும் அதன்மேல் வரும் அகவிலைப்படியும் சேர்ந்து) பெரிய ஈடாகத் தோன்றாது. மற்றொன்று, தனியாரோடு ஒப்பிட வேண்டிய தேவையே இல்லாத அளவுக்கு, ஒரே சுகாதார அமைச்சகத்துக்குள் இருக்கும் இடைவெளி. எய்ம்ஸ் நிறுவனங்களில் உதவிப் பேராசிரியரின் அடிப்படை ஊதியம் 1,01,500இல் தொடங்குகிறது. எம்.டி. முடித்துச் சில ஆண்டு அனுபவத்தோடு ஆய்வுக் கழகத்தில் சயின்டிஸ்ட்-டி ஆகச் சேருபவருக்கு 78,800. என்.பி.ஏ., 50 விழுக்காடு அகவிலைப்படி ஆகியவற்றைச் சேர்த்தால் வித்தியாசம் மாதம் 40,860 ரூபாய். வாடகைப்படியை இதில் சேர்க்கவில்லை. ஜிப்மரில் எம்.டி. படித்துக்கொண்டிருக்கும் ஜூனியர் ரெசிடென்ட் ஒருவர் லெவல் 10இல்தான் ஊதியம் பெறுகிறார். அதாவது படிக்கும்போது எந்தப் படியில் நின்றாரோ, சயின்டிஸ்ட்-பி ஆகும்போதும் அதே படியில் நிற்கிறார்.

மருத்துவக் கல்வியையும் சிகிச்சையையும் ஒரு தட்டிலும் ஆய்வை அதற்குக் கீழான தட்டிலும் அரசே வைத்திருக்கிறது என்பதுதான் இதன் பொருள். ‘தனியாரோடு அரசு போட்டியிட முடியாது’ என்ற விளக்கம் இந்த இடைவெளியை மறைத்துவிடுகிறது.

4. மருத்துவரும் மருத்துவரல்லாதவரும்

ஆய்வு நிறுவனங்களுக்குள் பலமுறை எழும் மனக்கசப்பு ஒன்றை இங்கே பேசாமல் கடக்க முடியாது. ஒரே அறையில், ஒரே ஆய்வில், ஒரே பதவியில் இருக்கும் இருவரில் மருத்துவருக்கு மட்டும் 16,830 ரூபாய் கூடுதல். இது நியாயமா?

என்.பி.ஏ.வுக்கு ஆதரவாக இரண்டு வாதங்கள் உண்டு: மருத்துவர் தனியார் வருமானத்தை இழக்கிறார்; அவருடைய படிப்பு நீண்டது என்பதால் தாமதமாக வேலைக்கு வருகிறார். முதல் வாதம் வலுவானது. மருத்துவர் இல்லாமல் ஒரு மார்பு எக்ஸ்ரேவையோ தோல் அழற்சியையோ தொழிலோடு பொருத்திப் பார்க்க முடியாது. அவரை கிளினிக்கிலிருந்து விலக்கி வைக்க அரசு விலை கொடுத்தாக வேண்டும். இரண்டாம் வாதம் இன்று நிற்காது. எம்.பி.பி.எஸ். பயிற்சியோடு ஐந்தரை ஆண்டு, எம்.டி. மூன்று ஆண்டு: எட்டரை. பி.எஸ்சி. மூன்று, எம்.எஸ்சி. இரண்டு, முனைவர் பட்டம் ஐந்து என்றால் பத்து. அந்த ஐந்து ஆண்டுகளில் அவர் பெறுவது உதவித்தொகை. 2023 ஜனவரி முதல் இளநிலை ஆய்வாளருக்கு மாதம் 37,000 ரூபாய், முதுநிலைக்கு 42,000. அதே வயதில் ஜூனியர் ரெசிடென்ட் பெறுவது இதைப்போல் இரண்டு மடங்குக்கும் மேல்.

தொழிற்பட்டை ஆய்வுக்கு இது புறம்பான செய்தியல்ல. காற்றில் கரைப்பான் எவ்வளவு, ஒரு ஷிப்டில் காதுக்கு எட்டிய இரைச்சல் எத்தனை டெசிபல் என்று அளப்பவர் தொழில்சுகாதாரவியலாளர். ஆண்டுக்கணக்கான பதிவுகளிலிருந்து நோய்க்கும் வேலைக்கும் உள்ள தொடர்பைப் பிரித்தெடுப்பவர் புள்ளியியலாளர். இவ்விருவருக்கும் மருந்து நிறுவனங்களும் தரவு நிறுவனங்களும் சென்னையிலேயே வேலை தருகின்றன. அவர்களும் ஒரு வருமானத்தை விட்டுவிட்டுத்தான் அரசு ஆய்வுக்கு வருகிறார்கள். என்.பி.ஏ.வைக் குறைத்து இருவரையும் சமமாக்க வேண்டும் என்று சிலர் சொல்கிறார்கள். அது தவறு என்பது என் உறுதியான எண்ணம். வருகிற சில மருத்துவர்களும் வராமல் போவார்கள். அரிதான திறனுடைய மருத்துவரல்லாத ஆய்வாளர்களுக்கு இணையான ஒரு படி தருவதே முறை.

5. தொகுப்பூதியத்தில் நிற்கும் ஆய்வு

இதுவரை பேசியதெல்லாம் நிரந்தரப் பணியில் இருப்பவர்களைப் பற்றி. ஓர் அரசு ஆய்வுத் திட்டம் களத்துக்கு வரும்போது வீட்டுக் கதவைத் தட்டுபவர் யார், இரத்தம் எடுப்பவர் யார், படிவத்தை நிரப்புபவர் யார், கணினியில் ஏற்றுபவர் யார் என்று பார்த்தால் அநேகமாக எல்லோரும் திட்டப் பணியாளர்கள்.

இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத் திட்டங்களில் மருத்துவரல்லாத முதல்நிலைத் திட்ட விஞ்ஞானிக்கு மாதம் 56,000 ரூபாயும் வாடகைப்படியும். மருத்துவருக்கு 67,000 ரூபாயும் வாடகைப்படியும். கள, ஆய்வகப் பணிகளுக்கான திட்ட உதவியாளர் மூன்று நிலைகளில் 18,000, 20,000, 28,000. அகவிலைப்படி இல்லை. சேமநல நிதியோ ஓய்வூதியமோ மருத்துவச் செலவு மீட்போ இல்லை. பணி ஆணை பெரும்பாலும் ஓராண்டுக்கு. திட்டம் நீண்டால் புதுப்பிக்கப்படும், முடிந்தால் முடிந்தது. நிரந்தரப் பணி கோரும் உரிமை இல்லை என்று ஆணையிலேயே எழுதியிருக்கும்.

சென்னை வாடகைப்படியோடு 56,000 என்பது 72,800 ஆகும். நிரந்தர சயின்டிஸ்ட்-பி பெறுவதோடு ஒப்பிட்டால் 28,180 ரூபாய் குறைவு. இருவருக்கும் கல்வித் தகுதி பெரும்பாலும் ஒன்றே. ஆனால் பணத்தைவிட இந்த ஆய்வுக்கு ஊறு செய்வது அந்த ஓராண்டுதான். முப்பது வயதில், வீட்டுக் கடனுக்கு வங்கி கேட்கும் நிரந்தரச் சம்பளச் சான்று காட்ட முடியாத ஒருவர், அடுத்த மார்ச்சில் திட்டம் நீளுமா என்று தெரியாத ஒருவர், பதினைந்து ஆண்டு ஆய்வை எப்படித் திட்டமிடுவார்? வேறு வேலை கிடைத்ததும் போய்விடுவார். போவதுதான் அவர் குடும்பத்துக்கு நல்லது. அவரோடு களத்தின் நினைவும் போய்விடும். எந்த விடுதியில் எந்த ஆலையின் பெண்கள் தங்கினார்கள், எந்தத் தெருவில் யார் நம்பிப் பேசினார்கள், எந்த ஆலையில் எப்போது பெயின்ட் வகை மாறியது என்பதெல்லாம் கோப்பில் எழுதப்படுவதில்லை.

இந்தப் பட்டையில் இது இரட்டிப்பாகத் தாக்குகிறது. ஆய்வுக்கு உட்படும் தொழிலாளியும் ஒப்பந்தத்தில். ஆய்வு செய்பவரும் ஒப்பந்தத்தில். ஒருவர் ஊரைவிட்டுப் போகும்போது அவரைத் தேடிப்போக வேண்டியவர் ஏற்கெனவே வேலையைவிட்டுப் போயிருக்கிறார். தொடர் ஆய்வில் ஆட்களைத் தவறவிடுவது எப்போதும் உள்ள ஆபத்து. இங்கே இரு பக்கமும் தவறிவிடுகிறது.

திட்டப் பணிமுறைக்கு ஆதரவாகச் சொல்லப்படுவதையும் எடைபோட வேண்டும். 2020 மே–ஜூனில், தொற்று தொடங்கிச் சில மாதங்களிலேயே, அயப்பாக்கம் நிறுவனத்தின் ஒருங்கிணைப்பில் நாடெங்கும் 28,000 பேரிடம் இரத்த மாதிரி எடுத்து முதல் தேசியக் கொரோனா எதிர்ப்பணு ஆய்வு நடத்தப்பட்டது. அதில் கண்டறியப்பட்ட பரவல் 0.73 விழுக்காடு. இவ்வளவு விரைவாகக் களம் இறங்க, நெகிழ்வான பணியமர்த்தல் உதவுகிறது என்பது மெய். நிரந்தரப் பணியில் ஊக்கம் இழந்து உட்கார்ந்துவிடுபவர்களும் இருக்கிறார்கள். ஆனால் அந்த ஆய்வை வடிவமைத்து வழிநடத்தியவர்கள் ஆண்டுக்கணக்காக நிறுவனத்தில் வேரூன்றிய நிரந்தர விஞ்ஞானிகள் என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். விரைவான ஆய்வுக்கு நெகிழ்வான ஆட்கள் போதும். நீண்ட ஆய்வுக்குப் போதாது.

6. இதே மாவட்டத்தில் நடந்தது

நீண்ட ஆய்வு நம் சூழலில் நடக்காது என்று சொல்பவர்கள் மறந்துவிடும் வரலாறு ஒன்று உண்டு. அது நடந்தது பழைய செங்கல்பட்டு மாவட்டத்தில். ஸ்ரீபெரும்புதூர் வட்டமும் அந்த மாவட்டத்தைச் சேர்ந்ததாகவே இருந்தது. 1968இல் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம், உலக சுகாதார நிறுவனம், அமெரிக்கப் பொதுச் சுகாதாரப் பணி ஆகியவற்றின் கூட்டில் பிசிஜி தடுப்பூசி சோதனை அங்கே தொடங்கியது. மூன்றரை லட்சத்துக்கு மேற்பட்ட மக்களைப் பதிவுசெய்து, பதினைந்து ஆண்டு பின்தொடர்ந்தார்கள். முழு முடிவு 1999இல் வெளியானது: பெரியவர்களுக்கு இந்தத் தடுப்பூசி நுரையீரல் காசநோயிலிருந்து பாதுகாப்புத் தரவில்லை, சிறுவர்களிடம் கண்ட பாதுகாப்பு 27 விழுக்காடு அளவில் குறைவானது. உலகின் தடுப்பூசிச் சிந்தனையை உலுக்கிய முடிவு அது.

அதற்கும் முன்பு, 1956இல் சேத்துப்பட்டில் காசநோய் வேதிச்சிகிச்சை மையம் தொடங்கப்பட்டது; இன்றைய தேசிய காசநோய் ஆராய்ச்சி நிறுவனம். பிரிட்டனின் மருத்துவ ஆராய்ச்சி கவுன்சிலிலிருந்து வந்த வாலஸ் ஃபாக்ஸ் தலைமையில், நோயாளியை வீட்டில் வைத்தே குணப்படுத்த முடியும் என்று 1959இல் நிறுவினார்கள். அதோடு நிற்கவில்லை. அந்த நோயாளிகளையும் அவர்கள் வீட்டாரையும் ஐந்து ஆண்டு தொடர்ந்து பார்த்தார்கள். வீட்டில் வைத்து வைத்தியம் பார்த்ததால் குடும்பத்துக்குக் கூடுதல் கேடு வரவில்லை என்று துணிந்து சொல்ல முடிந்ததற்கு அந்த ஐந்து ஆண்டுகளே காரணம்.

இந்த ஆய்வுகளில் வீடுவீடாகப் போன செவிலியர்களும் சுகாதாரப் பார்வையாளர்களும் பெற்ற சம்பளம் பெரிதாக இருந்திருக்காது. அயல்நாட்டு நிதியும் நிபுணர்களும் உடன் இருந்தது ஒரு சாதகம் என்பதையும் மறுக்கவில்லை. எனினும் ஒரு குழுவை ஆண்டுக்கணக்காகக் கலைக்காமல் வைத்திருந்தால் என்ன கிடைக்கும் என்பதற்கு இந்த மாவட்டத்தைவிட நல்ல சான்று தேட வேண்டியதில்லை.

தொழில்சார் நலத்தில் இன்று இந்தப் பட்டைக்கு அருகில் நடக்கும் ஆய்வின் பெரும்பகுதி போரூரில் உள்ள தனியார் நிகர்நிலைப் பல்கலைக்கழகமான ஸ்ரீ ராமச்சந்திராவின் சுற்றுச்சூழல் சுகாதாரப் பொறியியல் துறையுடையது. வெப்பத்தால் தொழிலாளர்களுக்கு நேரும் பாதிப்பைப் பற்றி அது செய்துள்ள பணி மதிப்புக்குரியது. அங்கும் பணம் திட்டந்திட்டமாகவே வருகிறது. சென்னையில் உள்ள மண்டலத் தொழிலாளர் நிறுவனம் ஆலை மருத்துவர்களுக்கு மூன்று மாதச் சான்றிதழ்ப் பயிற்சி தருகிறது. அதை முடித்தவர்கள் இந்தப் பட்டையின் ஆலைகளில் நல்ல சம்பளத்தில் அமர்கிறார்கள். தொழிலாளியின் உடலை நாள்தோறும் பார்ப்பவர்கள் அவர்களே. ஆனால் அவர்கள் எழுதும் பதிவேடு ஆலையின் சொத்து. அதை ஆய்வாக்கி வெளியிடும் சுதந்திரம் அவர்களுக்கு இல்லை.

7. அமெரிக்கா தரும் இரண்டு பாடங்கள்

அமெரிக்காவில் 1944ஆம் ஆண்டின் பொதுச் சுகாதாரப் பணிச் சட்டத்தில் உள்ள சிறப்பு அதிகாரத்தின்கீழ், வழக்கமான அரசு ஊதிய அட்டவணைக்கு வெளியே மருத்துவர்களையும் விஞ்ஞானிகளையும் நியமிக்கலாம். 2019இல் அரசின் தொற்றுநோய் விஞ்ஞானி அந்தோணி ஃபவுச்சியின் ஆண்டுச் சம்பளம் 4,17,608 டாலர். குடியரசுத் தலைவருடையது 4,00,000. உயர்திறன் கொண்டவரை அரசு பணம் கொடுத்து வைத்துக்கொள்ள முடியும் என்பதற்கு இது சான்று. இந்தியாவிலும் இத்தகைய விதி வேண்டும் என்று கேட்பவர்கள் உண்டு. எனக்கு அதில் தயக்கம் இருக்கிறது. உச்சியில் ஒரு சிலருக்கு மட்டும் ஊதியம் கூடினால் களத்தில் 20,000 ரூபாயில் நிற்பவரின் பணி ஆணை ஒரு நாள்கூட நீளாது.

இரண்டாவது பாடம் அண்மைக் காலத்தது. அமெரிக்கத் தொழில்சார் பாதுகாப்பு, உடல்நல ஆய்வு நிறுவனத்தின் பெரும்பாலான ஊழியர்களுக்கு 2025 ஏப்ரலில் பணிநீக்க அறிவிப்பு போனது. எதிர்ப்புக்குப் பின் பலர் திரும்ப அழைக்கப்பட்டார்கள். 1970ஆம் ஆண்டுச் சட்டத்தால் பிறந்து, உலகுக்கே வழிகாட்டிய நிறுவனம் அது. சம்பளம் நன்றாக இருந்தும், பணி உறுதி ஆட்டம் கண்டதும் பல ஆண்டுத் தொடர் ஆய்வுகள் ஒரே வாரத்தில் தள்ளாடின.

8. எட்டாவது ஊதியக் குழுவுக்கு முன்னால்

நீதிபதி ரஞ்சனா பிரகாஷ் தேசாய் தலைமையில் எட்டாவது மத்திய ஊதியக் குழு 2025இல் அமைக்கப்பட்டிருக்கிறது. மருத்துவர் சங்கங்கள் என்.பி.ஏ. விழுக்காட்டைப் பற்றியும், விஞ்ஞானிகள் பதவி உயர்வுக் கால அளவைப் பற்றியும் பேசுவார்கள். பேச வேண்டியவைதான். ஊதியக் குழுவின் வரம்பில் திட்டப் பணியாளர்கள் வருவதில்லை. அவர்கள் ஊதியம் வேறு ஆணைகளால் முடிவாகிறது. அவர்களைப் பற்றிப் பேச அங்கே நாற்காலியே இல்லை என்பது எனக்கு மிகுந்த கவலை தருகிறது.

ஒரு கணக்கைப் போட்டுப் பார்ப்போம். அயப்பாக்கத்தை இருப்பிடமாகக் கொண்டு, ஸ்ரீபெரும்புதூர்–ஒரகடம் தொழிலாளர்களைப் பின்தொடர நிரந்தரக் குழு ஒன்றை அமைப்பதாக வைத்துக்கொள்வோம். மருத்துவரான சயின்டிஸ்ட்-டி ஒருவர்: 1,65,480. மருத்துவரான சயின்டிஸ்ட்-சி ஒருவர்: 1,42,170. தொழில்சுகாதாரவியலாளர், புள்ளியியலாளர் என இரண்டு சயின்டிஸ்ட்-பி: 2,01,960. எல்லாம் 2024 ஜனவரி விகிதத்தில். மாதம் 5,09,610 ரூபாய்; ஆண்டுக்கு ஏறக்குறைய 61 லட்சம். ஊதிய உயர்வைச் சேர்க்காமல் 15 ஆண்டுக்கு 9 கோடியே 17 லட்சம். களப்பணியாளர், பரிசோதனை, பயணம் என்று இதைப்போல் மேலும் சில மடங்கு ஆகட்டும்.

ஒரகடத்திலேயே 350 ஏக்கரில் மருத்துவக் கருவிகள் பூங்கா வருகிறது. அதன் பொதுச் சோதனைக்கூட வசதிகளுக்கு மத்திய அரசு ஒதுக்கும் உதவி 100 கோடி ரூபாய் வரை. கருவிகளைச் சோதிக்கும் கூடங்கள் அங்கே எழும்போது, தொழிலாளரின் செவித்திறனையும் மூச்சுத்திறனையும் அளக்கும் ஓர் அறையை அவற்றோடு சேர்க்க இடமும் உண்டு, பணமும் உண்டு. அந்த அறைக்கு நான்கு நிரந்தரப் பணியிடங்களையும், களப்பணியாளர்களுக்கு ஐந்தாண்டுக்குக் குறையாத பணி ஆணையையும் ஒப்புக்கொள்வது சுகாதார ஆராய்ச்சித் துறையும் நிதி அமைச்சகமும் கையெழுத்திட வேண்டிய ஒரு கோப்பு. வல்லம் வடகாலில் 2024 ஆகஸ்டில் திறக்கப்பட்ட பெண் தொழிலாளர் விடுதியில் மட்டும் 18,720 பேர் தங்கலாம். அங்கே இன்று தங்கியிருப்பவர்களின் பெயரையும் வேலைப் பிரிவையும் இந்த ஆண்டே எழுதத் தொடங்கினால், நோக்கியா பெண்களைத் தவறவிட்டதுபோல் இவர்களைத் தவறவிடாமல் 2040இல் தேடிப்போக ஒரு பட்டியல் கையில் இருக்கும்.